குமுலாரே: விளிம்புக்கு மேல் நிற்கும் குவியல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சொல் விளக்கப் பகுதியில் அண்மையில் இலத்தீன் மொழியின் 'குமுலாரே' என்னும் வினைக்குச் 'சேர்த்து வைத்தல், சேமித்தல்' என்று பொருள் தரப்பட்டிருந்தது. மின்சாரத்தைச் சேமிக்கும் கருவிக்கு 'அக்குமுலேட்டர்' என்று பெயர் வந்ததை அதற்குச் சான்றாகக் காட்டியிருந்தார்கள். அதே பகுதியின் முடிவில், இந்தச் சொல் தமிழின் 'குவி' என்பதிலிருந்தே பிறந்தது என்றும் எழுதியிருந்தார்கள். பல ஆண்டுகளாக இலத்தீன் நூல்களைப் படித்தும் அவற்றின் சில பகுதிகளைத் தமிழில் பெயர்த்தும் வருபவன் என்ற முறையில் இந்த இரண்டு கூற்றுகளையும் மறுக்க வேண்டியவனாக இருக்கிறேன். இரண்டாவதை விட முதலாவதே எனக்கு மிகுந்த கவலை தருகிறது. ஏனெனில், வேர் பற்றிய பிழை ஒரு வரியோடு போய்விடும்; பொருள் பற்றிய பிழையோ அந்தச் சொல் வருகிற ஒவ்வொரு செய்யுளையும் ஒவ்வொரு உரைநடைப் பகுதியையும் தவறாகப் படிக்க வைத்துவிடும்.

வேர் பற்றியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'குமுலாரே' என்பது 'குமுலுஸ்' என்னும் பெயர்ச்சொல்லிலிருந்து உண்டான வினை. அந்தப் பெயர்ச்சொல்லை இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் 'வீங்குதல், பருத்தல்' என்று பொருள்படும் ஒரு வேரோடு சொற்பிறப்பியலார் சேர்க்கிறார்கள். கிரேக்கத்தில் அலையைக் குறிக்கும் 'கூமா'வும், வடமொழியில் வீங்குவதைக் குறிக்கும் 'ச்வயதி'யும் அதே வேரைச் சேர்ந்தவை. தமிழில் குவி, குவை, குவவு, குவியல் என்பவை தமக்கென்று தனிக் குடும்பம் உடையவை. சங்கப் பாடல்களிலேயே 'குவவு மணல்' இருக்கிறது. முதல் ஓரிரு எழுத்துகள் ஒலியில் ஒத்திருப்பதை மட்டும் வைத்து இரண்டு குடும்பங்களுக்கு உறவு கட்ட முடியாது. தமிழின் பழமைக்கு இத்தகைய உறவு தேவையும் இல்லை.

இனிப் பொருளுக்கு வருகிறேன். குமுலோ, குமுலாரே, குமுலாவீ, குமுலாத்தும் என்று முதல் வினைவகையின் ஒழுங்கில் சிறிதும் பிசகாமல் நடக்கும் எளிய வினை இது. தொடக்க நிலை மாணவனும் இதன் வடிவங்களை ஒரு மணி நேரத்தில் கற்றுவிடுவான். ஆனால் இதன் பொருளைப் பிடிக்க, இதைப் பெற்ற பெயர்ச்சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 'குமுலுஸ்' குவியல்தான், ஆனால் தரையில் கிடக்கும் குவியல் மட்டும் அன்று. ஒரு பாத்திரம் விளிம்பு வரை நிறைந்த பிறகும் அதற்கு மேலே கூம்பாக எழுந்து நிற்கிற பகுதிக்கும் அதுதான் பெயர். நிறைவுக்கு மேல் வந்து சேர்கிற மிகுதி என்னும் இந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டால் வினையின் மற்ற வழக்குகள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

உரோமானியர்களுக்கு இது கண்ணால் பார்த்த காட்சி. அவர்கள் தானியத்தை 'மோதியுஸ்' என்னும் மரக்காலால் அளந்தார்கள்; அதன் கொள்ளளவு நம் கணக்கில் ஏறத்தாழ 8.7 லிட்டர். அளப்பவர் தானியத்தை மேலே குவியும்படி கொட்டுவார். பிறகு 'ருத்தெல்லும்' என்னும் கோலை விளிம்பின் மேல் வைத்து இழுத்துக் குவியலைத் தள்ளிவிட்டுச் சமன் செய்வார். உரோமின் துறைமுகமாக இருந்த ஒஸ்தியாவில், தானியம் அளப்போரின் மண்டபத்துத் தரையில் கறுப்பும் வெள்ளையுமான சிறு கற்களால் பதிக்கப்பட்ட ஓர் ஓவியம் இன்றும் இருக்கிறது. தோளில் மூட்டையோடு ஒருவர் வருகிறார். நடுவில் மோதியுஸ் இருக்கிறது. அதன் அருகில் கையில் கோலுடன் அளப்பவர் நிற்கிறார். அந்தக் கோல் தள்ளிவிடுகிறதே, அதுதான் குமுலுஸ். அதைத் தள்ளாமல் அப்படியே விட்டுக் கொடுப்பது தாராளம். தலை தட்டிக் கொடுப்பது நேர்மை. இரண்டுக்கும் இடையிலுள்ள அந்தக் கூம்பளவு மிகுதியில்தான் நம் வினையின் உயிர் இருக்கிறது என்பது என் துணிபு.

இதற்கு நான் காட்டக்கூடிய மிகத் தெளிவான சான்று உரோமானியப் பேச்சாளர் சிசெரோவின் எழுத்தில் இருக்கிறது. கி.மு. 46-இல் அவர் எழுதிய 'புரூட்டுஸ்' என்னும் உரையாடல் நூலின் தொடக்கத்தில், நண்பர் அட்டிக்குஸ் தமக்குக் காணிக்கையாக்கிய வரலாற்றுச் சுருக்க நூலுக்கு எப்படிக் கைம்மாறு செய்வது என்று யோசிக்கிறார். அங்கே கிரேக்கக் கவிஞர் ஹெசியோதின் அறிவுரை ஒன்றை எடுத்துக் காட்டுகிறார்: வாங்கிய அளவாலேயே திருப்பிக் கொடு, முடிந்தால் அதைவிடக் 'குமுலாத்தியோரே' அளவால் கொடு. இந்த ஒப்பீட்டு வடிவத்துக்கு 'அதிகம் சேமிக்கப்பட்ட அளவு' என்று யாரும் பொருள் சொல்ல முடியாது. 'இன்னும் நன்றாகக் குவித்து அளந்த அளவு' என்பதே பொருள். சிசெரோ அந்த உருவகத்தை அத்தோடு விட்டுவிடவும் இல்லை. உழவர்கள் செய்வதுபோலப் புதிய விளைச்சலிலிருந்து திருப்பித் தர என்னிடம் எதுவும் இல்லை, சேர்த்து வைத்த பழைய களஞ்சியத்திலிருந்தும் தர இயலவில்லை என்று தொடர்கிறார். களஞ்சியத்தில் சேர்த்து வைப்பதற்கு அவர் அங்கே ஆளும் சொல் வேறு. சேமிப்பும் குவிப்பும் அடுத்தடுத்த வரிகளில், வெவ்வேறு சொற்களில், வெவ்வேறு வேலை செய்கின்றன. தங்கள் பகுதியின் விளக்கத்துக்கு இதைவிட நேரான மறுப்பை நான் தேடிப் போக வேண்டியதில்லை.

இலத்தீனின் வழிவந்த மொழிகளும் இதையே சொல்கின்றன. 'குமுலாரே' பிரெஞ்சில் 'கோம்ப்ளே' ஆயிற்று. 'குமுலுஸ்' 'கோம்ப்ள்' ஆயிற்று. பொறுமையின் எல்லை கடந்துவிட்டது என்பதைப் பிரெஞ்சுக்காரர் 'அளவை கோம்ப்ள் ஆகிவிட்டது' என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். அந்தத் தொடருக்குள் பழைய மரக்கால் அப்படியே இருக்கிறது. ஸ்பானியத்தில் வினை 'கொல்மார்' என்றும் பெயர் 'கொல்மோ' என்றும் மாறின. பாத்திரத்தின் விளிம்புக்கு மேல் எழுந்து நிற்கும் பகுதி என்பதே இன்றும் 'கொல்மோ'வின் அகராதிப் பொருள்களில் ஒன்று. இரண்டாயிரம் ஆண்டுகளில் ஒலி இவ்வளவு தேய்ந்தும் பொருள் தேயவில்லை.

இந்த வினை எந்த வேற்றுமைகளை ஏற்கிறது என்பதில்தான் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். தமிழில் 'குவி' என்னும் வினைக்கு எது குவிகிறதோ அதுவே செயப்படுபொருள்: நெல்லைக் குவித்தான், மணலைக் குவித்தான். குமுலாரே இந்த அமைப்பையும் ஏற்கும். ஆனால் சிறந்த எழுத்தாளர்களிடம் அடிக்கடி காணப்படுவது வேறோர் அமைப்பு. அதில், எதன் மேல் குவிகிறதோ அது இரண்டாம் வேற்றுமையிலும், குவிகிற பொருள் நமது மூன்றாம் வேற்றுமைக்கு நிகரான வடிவத்திலும் நிற்கும். உரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் 'ஈனியட்' காவியத்தின் 11-ஆம் நூலில், போரில் மடிந்த இளைஞன் பல்லாஸின் உடலருகே நின்று காவிய நாயகன் ஈனியாஸ் பேசுகிறான்: மகன் இறந்தது தெரியாமல், வீணான நம்பிக்கையில் ஏமாந்து, அந்த முதிய தந்தை இந்நேரம் ஒருவேளை நேர்த்திக்கடன் செய்துகொண்டிருப்பார், பலிபீடங்களைக் காணிக்கைகளால் குமுலாரே செய்துகொண்டிருப்பார் என்கிறான். 'பலிபீடங்களைக் காணிக்கைகளால் குவிக்கிறார்' என்று எழுதினால் தமிழ் நொண்டும். 'பலிபீடங்களின் மேல் காணிக்கைகளைக் குவிக்கிறார்' என்றோ, 'பலிபீடங்கள் நிறைந்து வழியக் காணிக்கை வைக்கிறார்' என்றோ வேற்றுமைகளை மாற்றி எழுதினால்தான் இலத்தீன் வரியின் பொருள் தமிழுக்கு வந்து சேரும். இந்த அமைப்பில் குமுலாரே நம் 'குவி'யை விட 'நிரப்பு' என்னும் வினைக்கே நெருக்கமாக நடக்கிறது. ஆனால் நிரப்புவது விளிம்போடு நின்றுவிடும், இது நிற்காது. 5-ஆம் நூலில் ஈனியாஸ் முதியவன் அக்கெஸ்தெஸைத் தழுவிப் பெரும் பரிசுகளால் குமுலாரே செய்கிறான். அங்கே 'பரிசு மழையில் நனைத்தான்' என்று எழுதுவது எனக்கு ஒப்புதலே. 'பேச்சாளனைப் பற்றி' என்னும் நூலில் சிசெரோ, பெரிய பொருள்களையும் கலைகளையும் பற்றிய அறிவைப் பெற்றாலன்றி எவனும் எல்லாப் புகழாலும் 'குமுலாத்துஸ்' ஆன பேச்சாளனாக முடியாது என்கிறார். அங்கே 'புகழைச் சேமித்த பேச்சாளன்' என்று மொழிபெயர்த்தால் சிசெரோ சொன்னதற்கு நேர் எதிரான, கஞ்சத்தனமான ஒரு மனிதன் நம் கண்முன் வந்து நிற்பான்.

குற்றத்தைப் பேசும்போதும் இதே அமைப்புதான். கி.மு. 63-இல், உரோம அரசைக் கவிழ்க்கச் சதி செய்த கத்திலீனாவை எதிர்த்துச் செனட்டில் ஆற்றிய முதல் உரையில் சிசெரோ, முன் மனைவியின் சாவால் வீட்டைக் காலி செய்து புதுத் திருமணத்துக்கு இடம் உண்டாக்கினாயே, அந்தக் குற்றத்தை நம்ப முடியாத இன்னொரு குற்றத்தால் குமுலாரே செய்யவில்லையா என்று கேட்கிறார். இதைக் 'குற்றங்களைக் குவித்தாய்' என்று பெயர்த்தவர்களைக் கண்டிருக்கிறேன். அது எண்ணிக்கையைச் சொல்கிறதே தவிர ஏற்றத்தைச் சொல்லவில்லை. முதல் குற்றம் ஏற்கெனவே விளிம்பு வரை நிறைந்த ஒன்று. இரண்டாவது அதற்கு மேல் எழுகிறது. 'அந்தக் குற்றத்துக்குச் சிகரம் வைத்தாற்போல' என்று நாம் நாள்தோறும் சொல்கிறோமே, அதுவே இங்கே பொருந்தும். கையெட்டும் தூரத்தில் சொந்த மரபுத்தொடர் இருக்கும்போது அகராதியின் முதல் சொல்லை எடுத்து ஒட்டுவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

தங்கள் பகுதி சான்றாகக் காட்டிய 'அக்குமுலாரே', முன்னொட்டு சேர்ந்த வடிவம். மின்கருவிக்குப் பெயரானபோது அது சேமிப்பைக் குறித்தது உண்மை. ஆனால் பழைய இலத்தீனில் அந்தச் சொல்லைத் தேடிச் சென்றால் கிடைப்பவை வேறு. கவிஞர் லுக்ரீத்தியுஸ் தம் காவியத்தின் 3-ஆம் நூலில், உடன்குடிகளின் இரத்தத்தால் செல்வம் திரட்டும் பேராசைக்காரர்களைக் கொலையைக் கொலையால் அக்குமுலாரே செய்பவர்கள் என்கிறார். கொலையின் மேல் கொலை ஏறுகிறது. வெர்ஜிலின் 6-ஆம் நூலில், கி.மு. 23-இல் இளமையிலேயே இறந்துபோன, பேரரசர் அகஸ்டஸின் மருமகன் மார்கெல்லுஸுக்காகப் பாதாள உலகில் ஈனியாஸின் தந்தை அங்கீசெஸ் லில்லி மலர்களைக் கை நிறையக் கேட்கிறார். என் வழித்தோன்றலின் ஆவியை இந்தக் காணிக்கைகளாலாவது அக்குமுலாரே செய்கிறேன், பயனற்ற இந்தக் கடமையையாவது செய்து முடிக்கிறேன் என்பது அவர் சொல். பிளினியின் இயற்கை வரலாற்றிலோ இதே சொல்லின் பெயர் வடிவம், செடியின் அடியில் மண் அணைப்பதற்கு உரிய உழவுச் சொல்லாக வருகிறது. கொலை, மலர், மண் ஆகிய மூன்று இடங்களிலும் எதுவும் பெட்டிக்குள் பூட்டி வைக்கப்படவில்லை.

அக்கம்பக்கத்துச் சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழில் எல்லாவற்றுக்கும் 'குவி' என்றே எழுதிவிடுகிறார்கள். 'கொங்கெரெரே' என்பது பல இடங்களிலிருந்து கொண்டுவந்து ஓரிடத்தில் கொட்டுவது. பகைவனுக்கு உணவளித்தால் அவன் தலைமேல் நெருப்புத் தழலைக் குவிப்பாய் என்று உரோமருக்கு எழுதிய திருமுகத்தில் வருகிறதே, இலத்தீன் விவிலியத்தில் அங்கே இருப்பது இந்தச் சொல்தான். 'ஸ்த்ருவெரே' ஒழுங்காக அடுக்கிக் கட்டுவது. 'அகெராரே' மேடு எழுப்புவது. அதன் பெயர்ச்சொல்லான 'அகெர்' முற்றுகைக்காகப் படைகள் எழுப்பும் மண்மேடு. கி.மு. 52-இல் கால் நாட்டின் அவாரிக்கும் நகரை முற்றுகையிட்டபோது தம் வீரர்கள் 25 நாள்களில் 330 அடி அகலமும் 80 அடி உயரமும் உள்ள அகெரை எழுப்பினார்கள் என்று சீசர் எழுதுகிறார். அந்த மண்மேட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, வதந்தித் தெய்வம் இயார்பாஸ் மன்னனின் உள்ளத்தில் சினத்தை அகெராரே செய்கிறது என்னும் வெர்ஜிலின் வரியைப் படிக்க வேண்டும். கூடை கூடையாகக் கொட்டி எழுப்பிய சினம் அது. மிகைப்படுத்திப் பேசுவதைக் குறிக்கும் சொல்லான 'எக்ஸகெராரே'யும் இந்த மேட்டிலிருந்து வந்ததே.

பேச்சுக்கலையில் உரையின் முடிவுப் பகுதியைச் சிலர் முடிவுரை என்றும் சிலர் 'குமுலுஸ்' என்றும் அழைத்ததாக உரோமானியப் பேச்சுக்கலை ஆசிரியர் குவிந்திலியானுஸ் குறிக்கிறார். வாதங்கள் எல்லாம் நிறைந்த பிறகு அவற்றின் மேல் எழுவதால் அந்தப் பெயர். 1802 டிசம்பரில் இலண்டனில் வானிலை ஆர்வலர் லூக் ஹவர்டு மேகங்களுக்கு இலத்தீன் பெயர்கள் சூட்டியபோது, கிடையான அடித்தளத்திலிருந்து மேல்நோக்கி வளரும் குவிந்த திரள்களுக்குக் குமுலுஸ் என்று பெயரிட்டார். நாம் திரள்மேகம் என்கிறோம். அடியில் கோல் வைத்துத் தட்டியதுபோன்ற நேர்கோடு, மேலே பொங்கி எழும் குவியல். அந்த மேகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒஸ்தியாவின் மரக்கால் நினைவுக்கு வரும். ஹவர்டு அதை நினைத்துத்தான் பெயரிட்டார் என்று சொல்ல மாட்டேன். பெயர் அவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது.

இவ்வளவையும் எழுதத் தூண்டியது ஒரே ஒரு வரி. 'ஈனியட்' 4-ஆம் நூலின் 436-ஆவது அடி. தன்னை விட்டுக் கடலேறப் போகும் ஈனியாஸிடம் சென்று கொஞ்சம் காலம் மட்டும் கேட்டு வா என்று கார்த்தேஜின் அரசி தீதோ தன் தங்கை அன்னாவை மன்றாடுகிறாள். பழைய மணத்தை அவள் திருப்பிக் கேட்கவில்லை. அவன் இத்தாலியை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. வெறுங்காலம், தன் வெறி தணியச் சிறிது இடைவெளி, அவ்வளவே. பிறகு சொல்கிறாள்: 'குவாம் மிஹி கும் தெதெரிஸ், குமுலாத்தாம் மோர்த்தே ரெமித்தாம்.' பழைய உரையாசிரியர் செர்வியுஸ் காலம் முதல் இந்த அடியைப் பற்றி விவாதம் நடக்கிறது. 'நீ தந்தால்' என்பதா, 'அவன் தந்தால்' என்பதா என்பதில் சுவடிகள் வேறுபடுகின்றன. 'குமுலாத்தாம்' என்பதன் இறுதியில் மகர ஒலி உண்டா இல்லையா என்பதிலும் வேறுபடுகின்றன. அந்த ஓர் ஒலி இருந்தால் குவித்து அளக்கப்படுவது அவள் பெற்ற உதவி. இல்லையென்றால் அந்த அடைமொழி சாவுக்குப் போய்விடும்.

நான் முதன்முதலாக இந்த அடியைத் தமிழில் பெயர்த்தபோது, 'நீ அதை எனக்குத் தந்தால், என் சாவோடு சேர்த்து அதைத் திருப்பித் தருவேன்' என்று எழுதினேன். நானும் அன்று குமுலாரே என்பதைச் 'சேர்த்தல்' என்றே நினைத்திருந்தேன். கூட்டல் கணக்குப் போல இருந்த அந்த வரி பல மாதங்கள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. சிசெரோவின் 'புரூட்டுஸ்' பகுதியைப் படித்த நாளில்தான் விடை கிடைத்தது. 'ரெமித்தாம்', திருப்பித் தருவேன் என்பது கடன்காரர் பேச்சு. 'குமுலாத்தாம்', வாங்கிய அளவைத் தலை தட்டாமல் குவித்து. 'மோர்த்தே', சாவால். வாங்கிய அளவுக்கு மேல் கொடு என்று ஹெசியோது அண்டை வீட்டாருக்குச் சொன்ன நல்லொழுக்கத்தைத்தான் தீதோ சொல்கிறாள். ஆனால் அளவின் மேல் அவள் கூம்பாகக் குவிப்பது தன் உயிரை. கேட்டு நிற்கும் தங்கைக்கு அது நன்றியின் மொழியாக மட்டுமே கேட்கிறது. தான் சுமந்து செல்லப் போவது எப்படிப்பட்ட வாக்குறுதி என்று அவளுக்குத் தெரியாது. இந்த இரட்டைப் பொருள் முழுவதும் ஒரே ஒரு பெயரெச்ச வடிவத்தின் மேல் நிற்கிறது. 'சேமித்து' என்று எழுதினாலும், வெறுமனே 'சேர்த்து' என்று எழுதினாலும் அது சரிந்துவிடும்.

ஆகவே, தங்கள் பகுதியில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். குமுலாரே: மேலே குவித்தல், நிறைந்து வழியச் செய்தல், ஏற்கெனவே உள்ளதற்கு மேல் ஏற்றிச் சிகரம் வைத்தல் என்று அது அமையலாம். சேமித்தல் என்பதை அக்குமுலேட்டர் என்னும் பிற்காலச் சொல்லோடு நிறுத்திக்கொள்ளலாம். இலத்தீனைத் தமிழ் வழியாகக் கற்க விரும்பும் இளைஞர்கள் தங்கள் பகுதியை வெட்டி ஒட்டி வைத்துப் படிக்கிறார்கள் என்பதை நேரில் அறிவேன். அவர்களில் ஒருவர் நாளை இந்த அடிக்கு வந்து சேரும்போது பயன்படலாம் என்பதற்காக, இப்போது என் கைப்படியில் உள்ள வடிவத்தையும் கீழே எழுதி அனுப்புகிறேன். இதைவிட நன்றாக யாரேனும் எழுதினால் மகிழ்ந்து ஏற்றுக்கொள்வேன்.

'இந்த ஓர் உதவி செய்; செய்தாயானால், தலை தட்டாமல் அளந்து, மேலே என் சாவைக் குவித்துத் திருப்பித் தருவேன்.'

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்